டே பாலம் சரிந்தது காற்றாலா, கட்டுமானத்தாலா?

பாளை மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் கட்டடப் பொறியியல் பட்டயப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். இடிந்த பாலங்களைப் பற்றிய வகுப்புக் கருத்தரங்கில் எனக்கு ஸ்காட்லாந்தின் டே ரயில் பாலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழேகால் மணியளவில், புயற்காற்று வீசிக்கொண்டிருந்தபோது, டண்டீ நகரை நோக்கிச் சென்ற பயணிகள் ரயிலோடு பாலத்தின் நடுப்பகுதி டே ஆற்றின் கழிமுகத்து நீரில் விழுந்தது என்பதையும், ரயிலில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்பதையும் படித்திருக்கிறேன். இறந்தோர் எண்ணிக்கை 75 என்று பல இடங்களிலும், பெயர் உறுதியானவர்கள் 59 பேர்தான் என்று சில இடங்களிலும் இருக்கிறது.

எனக்குப் புரியாதது காரணம்தான். ‘புயலில் விழுந்தது’ என்று எங்கள் பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. பாலத்திற்கு மொத்தம் 85 கண்கள் (அடுத்தடுத்த தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்). அவற்றில் நடுவிலிருந்த 13 கண்கள் மட்டுமே விழுந்தன. மற்றவை அதே காற்றில், அதே இரவில் நின்றன. காற்றுதான் காரணம் என்றால் அது 13 கண்களை மட்டும் எப்படித் தேர்ந்தெடுத்தது? கட்டுமானம்தான் காரணம் என்றால், ஒன்றரை ஆண்டுக் காலம் தினமும் ரயில்கள் எப்படி ஓடின? விவரம் அறிந்த அண்ணாச்சிகள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய தடக்காரன்

அம்மா, கேள்வியைச் சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். பாலப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், அந்த 13 கண்கள் மற்றவற்றைப் போன்றவை அல்ல. பாலத்தின் பெரும்பகுதியில் தண்டவாளம் கர்டர்களின், அதாவது தூண்களுக்கு மேல் கிடக்கும் இரும்பு உத்திரங்களின், மேலே சென்றது; அதாவது ரயில் கர்டரின் முதுகில் ஓடியது. நடுவில் கப்பல்கள் கடந்து செல்ல உயர் அலை மட்டத்திற்கு மேல் 88 அடி இடைவெளி வேண்டியிருந்ததால், அங்கே மட்டும் கர்டர்களை மேலே உயர்த்தி, ரயில் அவற்றின் வயிற்றுக்குள் நுழைந்து செல்லும்படி அமைத்தார்கள். அவற்றை ‘உயர் கர்டர்கள்’ என்றே அழைத்தார்கள். அவற்றில் 11 கண்கள் 245 அடி நீளமும், 2 கண்கள் 227 அடி நீளமும் கொண்டவை. காற்று மோதும் பரப்பு அங்கேதான் அதிகம். அந்தப் பரப்பு இருந்த உயரமும் அங்கேதான் அதிகம். கர்டருக்குள் ரயில் நுழைந்ததும் பெட்டிகளின் பக்கச்சுவர் காற்றுக்கு மேலும் ஒரு தடுப்பாகிவிடும். ஆகவே காற்று எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அதை வாங்கும் இடத்தைப் பாலத்தின் வடிவமே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது.

இரண்டாவது, தூண்கள். வடிவமைத்தவர் தாமஸ் பௌச். ஆற்றின் அடியில் பாறை அதிக ஆழத்தில் இல்லை என்று துளையிட்டுப் பார்த்தவர்கள் சொன்னதை நம்பி, செங்கல் தூண்களாகத்தான் முதலில் திட்டமிட்டார். தென்கரையிலிருந்து கட்டிக்கொண்டு போகும்போதுதான், பாறை என்று நினைத்தது இறுகிய சரளைப் படலம் என்றும், அதற்குக் கீழே கனத்த தூணைத் தாங்கும் நிலம் இல்லை என்றும் தெரிந்தது. எடையைக் குறைத்தே ஆக வேண்டும். அதனால் தூண்களின் எண்ணிக்கையைக் குறைத்து, கண்களை நீட்டி, நீர்மட்டத்திற்கு மேல் செங்கல்லுக்குப் பதிலாக வார்ப்பிரும்புக் குழாய்களை நிறுத்தினார்கள். ஒரு தூணுக்கு ஆறு குழாய்கள்; அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேனிரும்புப் பட்டைகளால் பிணைத்திருந்தார்கள்.

செங்குத்தாக இறங்கும் சுமைக்கு இந்த ஏற்பாடு போதும். ஒன்றரை ஆண்டு ரயில் எப்படி ஓடியது என்று கேட்டீர்களே, அதற்கு விடை இதுதான். ரயிலின் எடை கீழ்நோக்கி இறங்குகிறது. அதை ஆறு குழாய்களும் எளிதாகத் தாங்கின. பக்கவாட்டில் வரும் தள்ளுவிசையை நிலத்திற்குக் கொண்டு சேர்ப்பது குழாய் அல்ல, குறுக்குப் பட்டைகளும் அவை மாட்டப்பட்ட இணைப்புகளுமே. கால் ஆட்டம் கண்ட கட்டிலில் நாலு பேர் அசையாமல் உட்காரலாம். ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்தால் அது படுத்துவிடும்.

விழுந்த விதத்தையும் கவனியுங்கள். 1964 டிசம்பர் 22, 23 இடைப்பட்ட இரவில் பாம்பன் பாலத்தைப் புயலும் கடலும் தாக்கியபோது கர்டர்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன, தூண்கள் நின்றன. அதனால்தான் இ. ஸ்ரீதரன் தலைமையிலான அணியால் 46 நாட்களில் ரயிலை மீண்டும் ஓட்ட முடிந்தது. டே பாலத்தில் நடந்தது வேறு: கர்டர்களோடு அவற்றைத் தாங்கிய 12 இரும்புத் தூண்களும் கற்கட்டுக்கு மேலே சாய்ந்துவிட்டன. விசாரணை நடத்தியவர்கள் கர்டரைவிடத் தூணையே கூர்ந்து பார்த்ததற்கு அதுவே காரணம்.

பேட்டை வார்ப்பட்டறை

அண்ணாச்சி சொன்ன இணைப்புகளைப் பற்றி நான் தொடர்கிறேன். எனக்குப் பாலம் தெரியாது, வார்ப்படம் தெரியும்.

குறுக்குப் பட்டையை மாட்டுவதற்காக ஒவ்வொரு குழாயிலும் ‘காது’கள் துருத்திக்கொண்டிருந்தன. அந்தக் காதுகளைத் தனியாகச் செய்து பொருத்தவில்லை. குழாயோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள். வார்ப்பிரும்பை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் முறியும் என்பது எங்கள் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்குக்கூட முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம். இங்கேயோ முழு இழுவிசையும் வந்து விழுவது அந்தக் காதின் மேல்தான். தூணிலேயே மிகவும் இளைத்த இடம் அதுதான்.

அதைவிட மோசமானது போல்ட் துளை. துளைகளைத் துரப்பணத்தால் போடாமல், வார்க்கும்போதே மணல் அச்சில் விட்டுவிட்டார்கள். அச்சிலிருந்து சுலபமாகக் கழற்ற வேண்டும் என்பதற்காக அப்படிப்பட்ட துளைக்குச் சரிவு கொடுப்பது வழக்கம்; அதனால் அது ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் கூம்பாக இருக்கும். நேரான போல்ட்டை அதில் செருகினால் துளையின் முழு நீளத்திலும் படியாமல் ஒரு விளிம்பில் மட்டுமே தங்கும். விசை முழுவதும் அந்த விளிம்பில் குவியும். விபத்துக்குப் பின் டேவிட் கிர்கால்டி லண்டனில் இருந்த தம் சோதனைக் கூடத்தில் அந்தக் காதுகளை இழுத்துப் பார்த்தார். குறையேதும் இல்லாத நல்ல காதுகள்கூட, எதிர்பார்த்த சுமைக்கு வெகு முன்பே முறிந்தன.

குழாய்களை ஆற்றின் தென்கரையில், வார்மிட் என்ற இடத்தில் அமைத்த பட்டறையிலேயே வார்த்தார்கள். பல வார்ப்புகளில் காற்றுக்குமிழிப் பள்ளங்கள் இருந்தன. அவற்றை மறைக்கத் தேன்மெழுகு, குங்கிலியம், இரும்புத் துருவல், விளக்குக்கரி ஆகியவற்றைச் சேர்த்து உருக்கிய ஒரு பசையை அடைத்துத் தேய்த்துவிட்டார்கள். ‘போமாண்ட் முட்டை’ என்பது அதன் பட்டறைப் பெயர். காய்ந்தபின் பார்வைக்கு அது இரும்பு போலவே இருக்கும். தோட்டத்து வாசல் கம்பிக்குப் பட்டி பார்ப்பதில் குற்றமில்லை. பாலத் தூணில் பட்டி பார்த்தவனையும், அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்த மேஸ்திரியையும் என்ன சொல்வது?

குறுக்குத்துறையான்

மேலே உள்ள இரு பதிவுகளும் அருமை. ஆனால் இருவரும் காற்றை அளவுக்கு மீறி விடுவித்துவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பேருந்தில் போனவர்களுக்குப் பக்கக்காற்று என்ன செய்யும் என்பது தெரியும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். இந்தக் கணக்கில் ஏமாறுவது எளிது.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் ரயில் பாலத்திற்குக் காற்றழுத்தம் இவ்வளவு என்று கணக்கில் கொள்ள வேண்டும் என்ற விதியே இருக்கவில்லை. பௌச் தாமாக எதையும் கேட்காமல் இருந்தவரும் அல்லர். ஃபோர்த் கழிமுகத்தில் தாம் கட்டவிருந்த வேறொரு பாலத்திற்காக அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரியிடம் 1873இல் ஆலோசனை பெறப்பட்டது. ஓரிடத்தில் மட்டும் சதுர அடிக்கு 40 பவுண்டு வரை அழுத்தம் எழலாம் என்றாலும், பாலம் முழுவதற்கும் சராசரியாக 10 பவுண்டு எடுத்துக்கொண்டால் போதும் என்பது ஏரியின் பதில். அவ்வளவு பெரிய அறிஞர் சொன்ன பிறகு ஒரு பொறியாளர் என்ன செய்வார்?

அரசுத் தரப்பு ஆய்வும் நடந்தது. 1878 பிப்ரவரியில் மேஜர் ஜெனரல் ஹட்சின்சன் மூன்று நாட்கள் பாலத்தைச் சோதித்து, கனத்த எஞ்சின்களை வரிசையாக நிறுத்தியும் ஓட்டியும் பார்த்து, மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்ற பரிந்துரையோடு ஒப்புதல் அளித்தார். பலத்த காற்றில் பயணிகள் ரயில் ஓடும்போது பாலம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க விரும்புவதாகவும் தம் அறிக்கையில் எழுதினார். அந்தச் சோதனை நடக்கவில்லை. 1879 ஜூனில் விக்டோரியா அரசியே பாலத்தைக் கடந்து சென்றார்; பௌசுக்குச் சர் பட்டம் கிடைத்தது. இத்தனை பேர் பார்த்து ஒப்புக்கொண்ட ஒன்றுக்குப் பௌச் ஒருவரை மட்டும் பழிப்பது நியாயமா? விசாரணைக் குழுவின் மூவரே இதில் ஒன்றுபடவில்லை. தலைவர் ஹென்றி ரோதரி பழியின் பெரும்பங்கைப் பௌச் மேல் சுமத்தித் தனி அறிக்கை எழுதினார். பொறியாளர் வில்லியம் பார்லோவும் ரயில்வே ஆய்வாளர் கர்னல் யோலண்டும் தனி ஆட்கள் மேல் பழி சுமத்துவது தங்கள் வேலையல்ல என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

பழைய தடக்காரன்

குறுக்குத்துறையாரே, நீங்கள் சொல்லும் தகவல்களில் எனக்கு மறுப்பில்லை. அவற்றிலிருந்து நீங்கள் வந்துசேரும் முடிவில்தான் மறுப்பு. ஏரி சொன்ன 10 பவுண்டு ஃபோர்த் பாலத்திற்கானது. டே பாலத்திற்குக் காற்றுக்கென்று தனியாக எதையும் கணக்கில் கொள்ளவில்லை என்று பௌசே விசாரணையில் ஒப்புக்கொண்டார். அதே காலத்தில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் சதுர அடிக்கு 55 பவுண்டும், அமெரிக்கர்கள் 50 பவுண்டும் வைத்துக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். விதி இல்லாதது உண்மை. விதி இல்லாதபோதுதான் பொறியாளருக்கு வேலை அதிகம். மேலும், பின்னாளில் ஃபோர்த் பாலத்தைக் கட்டிய பெஞ்சமின் பேக்கர், சுற்றிலும் சேதமாகாமல் நின்ற சுவர்களையும் சமிக்ஞைக் கூண்டின் கண்ணாடிகளையும் ஆராய்ந்து, அன்றைய காற்றழுத்தம் 15 பவுண்டைத் தாண்டியிருக்க முடியாது என்று சாட்சி சொன்னார். அவர் கணிப்பு சரியென்றால், ஒழுங்காகக் கட்டிய பாலம் அந்த இரவைத் தாண்டியிருக்க வேண்டும்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கில் மிகவும் உறுத்தும் பகுதி வடிவமைப்பு அல்ல, பராமரிப்பு. பாலம் திறந்தபின் அதைப் பார்த்துக்கொள்ள ஹென்றி நோபிள் என்பவரை வைத்திருந்தார்கள். அவர் செங்கல் வேலை அறிந்தவர். இரும்பு வேலையில் பழக்கமில்லாதவர். அவருக்குக் கொடுத்த முக்கியமான வேலை, தூண்களின் அடியில் மண்ணரிப்பு நிகழ்கிறதா என்று ஆற்றின் படுகையைக் கவனிப்பது. அப்படிப் படகில் போய் ஆழம் பார்க்கும்போதுதான், 1878 அக்டோபரில், மேலே குறுக்குப் பட்டைகள் கடகடவென்று ஆடுவதைக் கேட்டார். பட்டைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஆப்புகள் தளர்ந்திருந்தன. அவர் என்ன செய்தார்? இரும்புத் துண்டுகளை வாங்கி இடைவெளியில் செருகி, சத்தத்தை நிறுத்தினார். பௌசிடம் சொல்லவில்லை, ரயில்வே நிர்வாகத்திடமும் சொல்லவில்லை. அதனால் பட்டைகள் தளர்ந்த நிலையிலேயே கெட்டிப்பட்டுவிட்டன. தூண் சற்றுச் சாய்ந்த பிறகுதான் அவை விசையை ஏற்கத் தொடங்கும். கீமேனாக (தினமும் தடத்தில் நடந்து இணைப்புகளைச் சரிபார்க்கும் ஊழியராக) வேலை பார்த்த எவருக்கும் இது விளங்கும்: தளர்ந்த இணைப்பு சத்தம் போட்டால் அந்தச் சத்தத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதை மட்டும் அடக்கி வைப்பது வேலையாகாது.

வேக வரம்பும் ஏட்டளவில்தான் இருந்தது. டண்டீ நகரின் முன்னாள் தலைவர் ஒருவர் ரயிலில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வேகத்தைக் கணக்கிட்டு, நிலைய அதிகாரியிடம் முறையிட்டார். பாலத்தில் வண்ணம் பூசியவர்கள் அதிர்வை உணர்ந்ததாகப் பின்னால் சாட்சி சொன்னார்கள். தகவல் இருந்தது, தீர்மானிக்க வேண்டியவரிடம் போய்ச் சேரவில்லை.

நம் பக்கத்தில் ரயில் பாலத்திற்கு எமன் காற்று அல்ல, வெள்ளம். 1956 நவம்பர் 23 அதிகாலையில் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த விரைவு ரயில் அரியலூருக்கும் கல்லகத்திற்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தில் விழுந்து நூற்றைம்பது பேரளவில் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அங்கே அரித்துச் செல்லப்பட்டது பாலத்தை ஒட்டிய கரை மண். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை சென்ற விரைவு ரயிலை ஸ்ரீவைகுண்டத்திலேயே நிறுத்தியதால்தான் ஏறத்தாழ 800 பயணிகள் தப்பினார்கள். அதற்கு அப்பால், செய்துங்கநல்லூர்ப் பக்கம், ஜல்லியும் மண்ணும் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அங்கே தகவல் உரிய நேரத்தில் உரிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது. டே பாலத்திலோ அடியில் மண்ணை மட்டும் பார்க்கச் சொல்லி ஆளை அனுப்பியிருந்தார்கள். ஆபத்து அவர் தலைக்கு மேலே இருந்தது.

பாளை மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரே ஒரு ஐயம். ரயிலின் கடைசிப் பெட்டிகள் தடம்புரண்டு கர்டரில் மோதியதால்தான் பாலம் விழுந்தது என்று பௌச் வாதிட்டதாக ஓரிடத்தில் படித்தேன். ரயில் பாலத்தில் ஏறியபின் சக்கரங்களில் தீப்பொறி பறந்ததைத் தென்கரைச் சமிக்ஞைக் கூண்டில் இருந்தவர்கள் பார்த்தார்கள் என்றும் இருக்கிறது. இந்த வாதத்தை ஏன் ஏற்கவில்லை?

பழைய தடக்காரன்

அந்த வாதம் முற்றிலும் கற்பனை அல்ல, அம்மா. கடைசிக்கு முந்தைய பெட்டி எடை குறைந்த இரண்டாம் வகுப்புப் பெட்டி. அதன் சேதம் மற்றவற்றைவிட அதிகம். 1877 பிப்ரவரியில், பாலம் கட்டும்போதே, ஒரு புயலில் இரண்டு உயர் கர்டர்கள் விழுந்து, அவற்றில் ஒன்றை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தியிருந்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். தீப்பொறியைப் பொறுத்தவரை, பக்கக்காற்று பெட்டிகளைத் தள்ளிச் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசினாலும் பொறி பறக்கும். அன்று மாலை அதற்கு முன் கடந்த ரயிலிலும் பொறி பறந்தது, அந்த ரயில் பத்திரமாகக் கரை சேர்ந்தது.

குழு அந்த வாதத்தை ஏற்கவில்லை. எனக்கு வலுவாகத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். உயர் கர்டர்கள் 13ஐயும் ஐந்து, நான்கு, நான்கு என்று மூன்று தொகுதிகளாகத் தொடுத்திருந்தார்கள். எஞ்சினும் பெட்டிகளும் தெற்குத் தொகுதியின் கர்டர்களுக்குள்ளேயே கிடந்தன. ஒரு பெட்டி உரசியதால் அந்தத் தொகுதி சாய்ந்தது என்று வைத்துக்கொண்டாலும், ரயில் எட்டாத மற்ற எட்டுக் கண்களும் அவற்றின் தூண்களும் சேர்ந்து போனதற்கு, அந்தத் தூண்கள் ஏற்கெனவே விளிம்பில் நின்றன என்பதைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை. மோதல் நடந்திருக்கலாம், ஒழுங்கான தூண் அதைத் தாங்கியிருக்கும். குறுக்குப் பிணைப்பும் அதன் இணைப்புகளும் போதாமையே காரணம் என்று குழு 1880இல் முடிவு சொன்னது. ஒன்றரை ஆண்டு அதிர்வில் காதுகளில் சிறு விரிசல்கள் வளர்ந்து உலோகம் களைத்திருந்தது என்று பிற்காலப் பொறியாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். காற்றே போதும் என்பார் சிலர். அதை உங்கள் கருத்தரங்கில் திறந்த கேள்வியாகவே வையுங்கள்.

பின்விளைவையும் ஓர் அட்டையில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1881இல் பிரிட்டனில் ரயில் பாலங்களுக்குச் சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தம் பரிந்துரைக்கப்பட்டது. பௌசின் ஃபோர்த் பாலத் திட்டம் கைவிடப்பட்டு, ஃபௌலரும் பேக்கரும் 1890இல் முடித்த பாலம் அந்த 56 பவுண்டை வைத்தே கட்டப்பட்டது. பௌச் 1880 அக்டோபரில் இறந்துவிட்டார். விசாரணைக் குழுவில் இருந்த அதே பார்லோ வடிவமைத்த புதிய டே பாலம், இரட்டைத் தடத்தோடு, பழைய தூண்களின் அடிக்கட்டைகளுக்கு அருகிலேயே 1887இல் திறக்கப்பட்டது. விழாமல் நின்ற பழைய கர்டர்கள் சிலவற்றை அதில் பயன்படுத்திக்கொண்டார்கள். கழிமுகத்திலிருந்து தூக்கியெடுத்த 224ஆம் எண் எஞ்சின் பழுது பார்க்கப்பட்டு 1919 வரை ஓடியது. ஊழியர்கள் அதற்கு ‘முக்குளிப்பான்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

குறுக்குத்துறையான்

அண்ணாச்சியின் மூன்று தொகுதிக் கணக்கிற்கு என்னிடம் பதில் இல்லை. தங்கைக்கு ஒரே ஒரு சேர்க்கை: பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் காற்றுமானியைப் பார்த்து ரயிலை நிறுத்திவிடும் ஏற்பாடு இருந்தது. ஹட்சின்சன் பார்க்க விரும்பியும் பார்க்காமல் விட்ட சோதனைக்கு அருகில் அந்தத் தகவலை வைத்தால், வகுப்பில் உள்ளவர்கள் தாங்களே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.